தலைக்கு மேலே ஒரு காந்தம்: மூளைத் தூண்டலின் இருநூறு ஆண்டுகள்

(எமது வானொலியின் ‘அறிவியல் வரலாறு’ நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மனச்சோர்வு பற்றி நாம் ஒலிபரப்பிய நிகழ்ச்சியின் பின்னர் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டிருந்தது. “மாத்திரை சரிவரேல்லை, தலைக்குக் காந்தம் வைச்சுப் பாப்பம் எண்டு டொக்டர் சொல்லுறார். இது கரண்ட் பிடிக்கிறதுதானே?” என்று ஒரு தாயார் கேட்டார். இன்னொருவரின் கேள்வி நேர்மாறானது. பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன தன் கணவருக்கு இந்தக் காந்தத்தால் கை திரும்ப வருமாமே, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எங்கே போகவேண்டும் என்று கேட்டார். ஒருவருக்குப் பயம், மற்றவருக்கு ஆசை. இருவருக்கும் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் இந்தச் சிகிச்சை எப்படிப் பிறந்தது என்ற கதையைச் சொல்லவேண்டும் என்று எனக்குப் பட்டது.

நான் வைத்தியர் அல்ல. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்தவன். இந்தச் சிகிச்சையின் அடிப்படை அந்தப் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு விதிதான். அதனால் வரலாற்றையும் அதன் பின்னால் உள்ள பௌதிகத்தையும் சொல்லும் துணிவு எனக்கு உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

இதன் முழுப்பெயரைத் தமிழில் ‘மண்டையோட்டின் ஊடான காந்தத் தூண்டல்’ எனலாம். மருத்துவமனைகளில் ரி.எம்.எஸ். என்று மூன்று எழுத்துகளில் சொல்வார்கள். ஒரு கம்பிச் சுருளைத் தலையின்மேல் வைத்து, மிகக் குறுகிய காந்தத் துடிப்புகளை மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு அனுப்புவதே இதில் நடப்பது. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. நோயாளி விழித்தபடி கதிரையில் அமர்ந்திருப்பார். ஆனால் இந்த எளிமையான காட்சிக்கு வந்து சேர மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வழியில் சில இருண்ட இடங்களும் உண்டு.

தவளைக் காலில் தொடங்கிய கதை

இத்தாலியின் பொலோனியா நகரில் லூயிஜி கல்வானி என்ற மருத்துவப் பேராசிரியர், இறந்த தவளையின் கால்கள் மின்சாரம் பட்டதும் துடிப்பதைக் கண்டு, தன் ஆய்வுகளை 1791இல் வெளியிட்டார். நரம்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது. நாம் பாடசாலையில் பாவித்த ‘கல்வனோமானி’ அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1800இல் வோல்ற்றா என்ற இன்னொரு இத்தாலியர் மின்கலத்தைக் கண்டுபிடித்தார். தொடர்ச்சியான மின்னோட்டம் கைக்கு வந்தது.

கல்வானியின் மருமகன் ஜியோவானி அல்டினி அந்த மின்கலத்தை மனிதத் தலைக்குக் கொண்டுபோனார். முதலில் தன் தலையிலேயே சோதித்தார். பின்னர், 1801இல், கடும் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருந்த ஒரு விவசாயியின் தலையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, அவர் தேறினார் என்று எழுதினார். மனச்சோர்வுக்கு மூளையைத் தூண்டும் எண்ணம் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியது என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் உலகம் அல்டினியை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரியத்துக்காக. 1803 ஜனவரியில் லண்டன் நியூகேற் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜோர்ஜ் ஃபோஸ்ரர் என்பவரின் உடலில், பார்வையாளர் முன்னிலையில், அவர் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது. ஒரு கண் திறந்தது. கை உயர்ந்தது. கொலைக் குற்றவாளியின் உடலை அறுத்து ஆராய அக்கால ஆங்கிலச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அந்த மனிதரின் விருப்பம் என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டு வைப்போம்: யாருடைய தலையில் சோதித்தார்கள், அவரிடம் கேட்டார்களா? இந்த வரலாறு முழுவதையும் இந்தக் கேள்வியுடன் சேர்த்துப் படித்தால்தான் அது நமக்குப் பயன்படும்.

வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண்

1870இல் பேர்லினில் ஃபிறிற்ச், ஹிற்சிக் என்ற இரு மருத்துவர்கள், நாயின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மின்சாரத்தால் தூண்டினால் உடலின் எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலை உண்டு என்பதற்கு அது பெரும் சான்று. அடுத்த கேள்வி தெரிந்ததுதான். மனிதனிலும் அப்படியா?

1874இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் றொபேட்ஸ் பார்த்தொலோ என்ற மருத்துவர் அதைச் செய்து பார்த்தார். அவரிடம் வந்த பெண்ணின் பெயர் மேரி றஃபேற்றி. வயது 30. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் வீட்டு வேலை செய்து வாழ்ந்தவர். தலையில் வந்த புண் மண்டையோட்டையே அரித்து, மூளை வெளியே தெரியும் நிலையில் இருந்தார். பார்த்தொலோ அவரது மூளைக்குள் ஊசி மின்முனைகளைச் செலுத்தி மின்னோட்டம் கொடுத்தார். எதிர்ப்பக்கக் கையும் காலும் அசைந்தன. மின்னோட்டத்தைக் கூட்டினார். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

அவர் சம்மதித்தார் என்று பார்த்தொலோ சொன்னார். ஆனால் சக மருத்துவர்களே அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவரும் பின்னர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பிறநாட்டிலிருந்து வந்த, நோயுற்ற, ஏழைப் பெண் ஒருவர் பெரிய டொக்டர் முன்னால் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்க முடியுமா? அகதியாக வந்து, மொழி தெரியாமல், ஆஸ்பத்திரி மேசையில் தலையாட்டிக்கொண்டு இருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே இந்தக் கேள்வியின் கனம் நமக்கு விளங்கும்.

பரடேயின் விதி

இனி மின்சாரத்தை விட்டுக் காந்தத்துக்கு வருவோம். 1831இல் லண்டனில் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. அசைத்தால், அதாவது காந்தப்புலம் மாறினால், சுருளில் மின்னோட்டம் உண்டாகும். வகுப்பில் காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளி இழுக்கும்போது கல்வனோமானியின் முள் இரு பக்கமும் ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் மகிழ்வார்கள். எவ்வளவு வேகமாக அசைக்கிறோமோ அவ்வளவு பெரிய ஆட்டம்.

மூளையும் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பொருள். அதற்குப் பக்கத்தில் காந்தப்புலத்தை வேகமாக மாற்றினால் மூளைக்குள்ளும் மின்னோட்டம் உண்டாக வேண்டும். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மின்சாரத்தை நேரே தலையில் கொடுத்தால் மண்டையோடு அதைத் தடுக்கும். தோலில் உள்ள வலி நரம்புகளும் சுடும். காந்தப்புலமோ தோலையும் எலும்பையும் தடையின்றிக் கடந்து போகும்.

கொள்கை 1831இலேயே தெரிந்துவிட்டது. செய்து காட்டத்தான் காலம் பிடித்தது. 1896இல் பரிஸ் நகரில் தார்சொன்வால் என்பவர் பெரிய கம்பிச் சுருளுக்குள் மனிதத் தலையை வைத்து மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினார். கண்முன் ஒளிப்பொறிகள் தெரிந்தன, தலை சுற்றியது. 1902இல் வியன்னாவில் பொலாக்செக், பியர் என்ற இருவர் மனச்சோர்வுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் மின்காந்தக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். 1910இல் லண்டனில் சில்வேனஸ் தொம்சன் பெரிய சுருள் ஒன்றைச் செய்து, அதற்குள் தன் தலையையே நுழைத்துப் பார்த்தார். அவரும் ஒளிப்பொறிகளைத்தான் கண்டார். அதே ஆண்டில்தான் நுண்கணிதத்தை எளிமையாகச் சொல்லும் அவரது புகழ்பெற்ற பாடநூலும் வெளிவந்தது. அவர்கள் கண்ட ஒளிப்பொறிகள் பெரும்பாலும் கண்ணின் விழித்திரையிலிருந்து வந்தவை என்பது பின்னர் விளங்கியது. மூளையை எட்டுவதற்கு அவர்களுடைய கருவிகளுக்கு வலுப் போதவில்லை.

ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் பாயவிட்டு நிறுத்த வேண்டும். அதற்கு உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் கொள்ளளவிகளும் வேகமான மின்னணு ஆளிகளும் வேண்டும். அவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைத்தன.

‘கரண்ட் பிடிப்பது’ என்பது எது?

அதற்கிடையில் வேறொரு சிகிச்சை வந்தது. நம்மவர் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்வது அதைத்தான். 1938 ஏப்ரலில் றோம் நகரில் செர்லெற்றி, பினி என்ற இருவர், புகையிரத நிலையத்தில் திரிந்த ஒருவரைப் பொலிஸார் கொண்டுவந்து ஒப்படைத்தபோது, அவரது தலைக்கு மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவழைத்தார்கள். வலிப்பு மனநோயைத் தணிக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த மனிதரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தொடக்க காலத்தில் மயக்க மருந்து இல்லாமலே இது செய்யப்பட்டது. வலிப்பின்போது எலும்பு முறிந்தவர்களும் உண்டு. அந்தக் காட்சிகள் வாய்வழியாகவும் சினிமா வழியாகவும் பரவி, மனநோய் என்றாலே ‘கரண்ட்’ என்ற பயத்தை நம் ஊர்களிலும் விதைத்தன. அந்தப் பயத்தால் எத்தனை பேர் வைத்தியரிடமே போகாமல் வீட்டு அறைக்குள் முடங்கினார்கள் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். இன்று ஈ.சி.ரி. எனப்படும் அந்தச் சிகிச்சை முழு மயக்கத்தில், தசை தளர்த்தும் மருந்துடன் செய்யப்படுகிறது. உயிராபத்தான கடும் மனச்சோர்வுக்கு அது இன்றும் மிக வலிமையான சிகிச்சைகளில் ஒன்று. சில காலத்து ஞாபகங்கள் மறைவது அதன் பக்கவிளைவு.

ரி.எம்.எஸ். அது அல்ல. ஈ.சி.ரி.யில் வலிப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். ரி.எம்.எஸ். சிகிச்சையில் வலிப்பு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். தொலைபேசியில் கேட்ட அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான்.

ஷெஃபீல்டில் அசைந்த விரல்

1965இல் அமெரிக்காவில் பிக்ஃபோர்ட், ஃபிறெமிங் என்ற இருவர் காந்தத் துடிப்பால் கை, கால் நரம்புகளைத் தூண்டிக் காட்டினர். 1980இல் லண்டனில் மேர்ட்டன், மோர்ட்டன் என்ற இருவர் முழு மண்டையோட்டின் மேலாக ஒரு பெரிய மின்அதிர்வைக் கொடுத்து மூளையைத் தூண்டினார்கள். கை அசைந்தது, ஆனால் தோல் தாங்கமுடியாத வலி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் மருத்துவப் பௌதிகத் துறையில் வேலை செய்த அன்ரனி பாக்கர், தன் சகாக்களான றேசா ஜலினூஸ், இயன் ஃபிறீஸ்ரன் ஆகியோருடன் இரண்டு வழிகளையும் இணைத்தார். 1985இல் அவர்கள் தலையின்மேல் சுருளை வைத்து ஒரு காந்தத் துடிப்பைக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கக் கையின் தசைகள் துடித்தன. வலி இல்லை. ‘க்ளிக்’ என்ற ஒரு சத்தம் மட்டும். அந்த மே மாதம் ‘லான்செற்’ மருத்துவ இதழ் அவர்களின் சிறிய கட்டுரையை வெளியிட்டது. பரடேக்கும் இவர்களுக்கும் இடையில் 154 ஆண்டுகள்.

இந்தக் கருவியின் காந்தப்புலம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு தெசுலா வரை இருக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தின் புலத்துக்கு ஒப்பானது. பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. ஆனால் ஒரு கணம்தான் நிற்கும். சாதாரணச் சுருள் மண்டையோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம்வரைதான் மூளையைத் தூண்டும். 1988இல் ஜப்பானியரான ஊவெனோவும் சகாக்களும் எட்டு வடிவச் சுருளை அறிமுகப்படுத்தினர். அதனால் சிறிய இடத்தைக் குறிவைக்க முடிந்தது.

முதற் பயன் நோயறிதல்

பலர் நினைப்பதுபோல் இந்தக் கருவி முதலில் சிகிச்சைக்காகப் பயன்படவில்லை. மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் செய்தி போக எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கவே நரம்பியல் நிபுணர்கள் இதை எடுத்தார்கள். மூளையில் தூண்டி, கைத்தசையில் அது வந்து சேரும் நேரத்தை மில்லிசெக்கனில் அளப்பார்கள். பல்தொகுதிக் காழ்ப்பு என்று சொல்லப்படும் எம்.எஸ். நோயில் நரம்பின் உறை பழுதாவதால் செய்தி தாமதமாகும். முதுகுத்தண்டு நோய்களிலும் இயக்க நரம்பணு நோயிலும் இந்த அளவீடு உதவியது. மூளைக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன், கை அசைவுக்குரிய இடம் எது, பேச்சுக்குரிய இடம் எது என்று வரைபடம் போடவும் இது பயன்படுகிறது.

அடுத்து, துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் கொடுக்கும் கருவிகள் வந்தன. 1991இல் பஸ்குவால் லியோனியும் சகாக்களும் மூளையின் இடப்பக்கத்தில் பேச்சுக்குரிய பகுதியில் அப்படித் தூண்டியபோது, பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு ஒரு கணம் நின்றதாக எழுதினார்கள். தூண்டலை நிறுத்தியதும் பேச்சு திரும்பியது.

வேகத்துடன் ஆபத்தும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் நல்ல சுகதேகிகளான சில தொண்டர்களுக்கே வலிப்பு வந்தது. 1874இல் இருந்த உலகம் இப்போது இல்லை. ஆய்வாளர்கள் தாங்களே கூடி, 1996 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பாதுகாப்பு மாநாடு நடத்தி, எத்தனை துடிப்பு, எவ்வளவு வலு, எவ்வளவு இடைவெளி என்று வரம்பு போட்டார்கள். அந்த விதிகள் 1998இல் வெளியாகின. 2009இலும் 2021இலும் அவை புதுப்பிக்கப்பட்டன. விதிகளை மதித்துச் செய்யும் இடங்களில் வலிப்பு மிக அரிதாகவே வருகிறது. தலைவலியும் சுருள் படும் இடத்தில் நோவும்தான் வழமையான பக்கவிளைவுகள்.

மனச்சோர்வுக்கு வந்த கதை

மனச்சோர்வு உள்ளவர்களின் மூளைப் படங்களில், நெற்றிக்குப் பின்னால் இடப்பக்கமாக உள்ள ஒரு பகுதி மந்தமாக இயங்குவது தெரிந்தது. அந்தப் பகுதியை நாள்தோறும் தூண்டினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1995இல் அமெரிக்காவில் மார்க் ஜோர்ஜும் சகாக்களும் ஆறு நோயாளரில் அதைச் செய்து பார்த்தனர். 1996இல் பஸ்குவால் லியோனி குழுவினர் 17 பேரில் செய்தனர். முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் ஆறு பேரும் பதினேழு பேரும் போதாது.

இங்கேதான் ‘போலிச் சிகிச்சை’ என்ற முறை முக்கியமாகிறது. நோயாளரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையான தூண்டலும் மற்றக் குழுவுக்கு அதே சத்தமுள்ள, ஆனால் மூளையை எட்டாத போலித் தூண்டலும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நோயாளருக்குத் தெரியாது. கவனிப்பாலும் நம்பிக்கையாலும் வரும் சுகத்தையும் கருவியால் வரும் சுகத்தையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை. இதில் சேருமுன், போலி கிடைக்கலாம் என்பதையும் சொல்லித்தான் கையொப்பம் வாங்குவார்கள்.

நாம் வாழும் அவுஸ்திரேலியாவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2003இல் மெல்பேர்ணில் போல் ஃபிற்ஸ்ஜெரால்டும் சகாக்களும் 60 நோயாளரில் செய்த ஆய்வில், இடப்பக்கம் வேகமான தூண்டலும் வலப்பக்கம் மெதுவான தூண்டலும் போலியைவிட நல்ல பலன் தந்தன.

கனடா 2002இலேயே இந்தச் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. அமெரிக்காவில் 301 பேர் பங்குபற்றிய பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2007 ஜனவரியில் கூடிய ஆலோசகர் குழு அதன் பயன் தெளிவாகவில்லை என்றது. தரவுகளை மீள ஆராய்ந்த பின்னர், 2008 ஒக்ரோபரில், மாத்திரை பலன் தராத நோயாளருக்கு மட்டும் என்ற வரையறையுடன் அனுமதி கிடைத்தது. 2010இல், கருவி விற்கும் நிறுவனங்களின் பணத்தில் தங்கியிராமல் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. அதில் 190 பேர். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேர் முற்றாகத் தேறினார்கள். போலி பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேர்.

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை உண்மையில் வேலை செய்கிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். அதேவேளை, அந்த மூன்று வார ஆய்வில், மாத்திரைகள் ஏற்கனவே கைவிட்ட நூறு பேரில் 86 பேர் முற்றாகத் தேறவில்லை. நீண்ட நாள் கொடுக்கும் இன்றைய நடைமுறையில் கூடுதலானோர் பயனடைகிறார்கள். ஆனாலும் இது மந்திரக்கோல் அல்ல.

அடுத்த பெரிய மாற்றம் நேரத்தில் வந்தது. 2005இல் லண்டனில் ஹுவாங், றொத்வெல் முதலியோர் துடிப்புகளைச் சிறு கொத்துக்களாகக் கொடுக்கும் முறையைக் காட்டினர். கனடாவில் ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் 414 நோயாளரில் நடந்த ஆய்வு 2018இல் ‘லான்செற்’ இதழில் வெளிவந்தது. முப்பத்தேழரை நிமிடச் சிகிச்சை தரும் அதே பலனை இந்தக் கொத்து முறை மூன்றே நிமிடத்தில் தந்தது. வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் தொடர்ந்து போகவேண்டிய சிகிச்சை இது. தொழிற்சாலையில் ‘ஷிஃப்ற்’ வேலை செய்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாரிசவாதம், மறதி, தலைவலி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பாரிசவாதத்துக்குப் பின்னர், சேதமடையாத பக்க மூளை மற்றப் பக்கத்தை அமுக்குகிறது. அதை அடக்கினால் விழுந்த கை எழும்பும் என்ற கருத்தில் பல சிறிய ஆய்வுகள் நல்ல முடிவு தந்தன. பின்னர் அமெரிக்காவில் 199 பேரில் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2018இல் அதன் முடிவு வந்தது. கைப் பயிற்சியுடன் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினர். கைப் பயிற்சியுடன் போலித் தூண்டல் பெற்றவர்களிலும் ஏறத்தாழ அதே அளவினர் முன்னேறினர். கையைத் திருப்பித் தந்தது பயிற்சிதான் என்று அந்த முடிவைப் படிக்கலாம். ஆய்வுகள் வேறு வழிகளில் தொடர்கின்றன. ஆனால் வீட்டை அடகு வைத்து ஓடவேண்டிய சிகிச்சை இதுவல்ல. பயிற்சியாளர் சொல்லித்தந்த அப்பியாசத்தை நாள் தவறாமல் செய்விப்பதே அந்த அம்மா இன்று செய்யக்கூடிய பெரிய உதவி.

மறதிநோயிலும் நிலைமை இன்னும் ஆய்வு மட்டத்தில்தான் இருக்கிறது. 2022இல் இத்தாலியில் 50 அல்சைமர் நோயாளரில் 24 வாரம் நடந்த ஆய்வில், தூண்டல் பெற்றவர்களின் நிலை போலி பெற்றவர்களைவிட மெதுவாகவே சரிந்தது. இது நல்ல செய்தி. ஆனால் 50 பேர் என்பது சிறிய தொகை. பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்ய வேண்டும். சிலவகை ஒற்றைத் தலைவலிக்கு, கையில் பிடித்துத் தலையின் பின்பக்கம் வைக்கும் சிறிய கருவிக்கு அமெரிக்கா 2013இல் அனுமதி அளித்தது. 2018இல் எண்ணச் சுழற்சி நோய்க்கும் அங்கு அனுமதி கிடைத்தது.

போரை அனுபவித்தவர்களுக்கு?

நம் குடும்பங்களில் மனச்சோர்வு தனியாக வருவதில்லை. ஷெல் சத்தம், இடப்பெயர்வு, காணாமல் போனவர்கள், கடல் பயணம், விசா முடிவுக்காகக் காத்திருந்த ஆண்டுகள் எல்லாம் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. 2018இல் அமெரிக்காவின் முன்னாள் படையினர் 164 பேரில் நடந்த ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் தேறினர். போலி பெற்றவர்களில் 37 பேர். வித்தியாசம் மிகச் சிறிது. ஆய்வாளர்கள் அதைக் கருவியின் பலனாக எடுக்கவில்லை. ஆனால் இரு குழுக்களிலும் இவ்வளவு பேர் தேறியதற்கு, ஒவ்வொரு நாளும் ஒருவர் கவனித்துப் பேசியதும், வெளியே கிளம்பி வந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். போரின் காயத்துக்கு இந்தக் கருவி தனி மருந்து என்று யாராவது விளம்பரம் செய்தால், அதற்கு இன்னும் போதிய சான்று இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நாம் செய்யவேண்டியது

அவுஸ்திரேலியாவில் 2021 நவம்பர் 1 முதல் இந்தச் சிகிச்சைக்கு மெடிகெயார் உதவி வழங்கப்படத் தொடங்கியது. 18 வயதுக்கு மேற்பட்ட, இரு வேறு வகை மாத்திரைகளும் பலன் தராத மனச்சோர்வு நோயாளருக்கு, மனநல மருத்துவரின் பரிந்துரையுடன், முதற்கட்டமாக 35 தடவைகள் வரை என்பது அன்று போட்ட விதி. தனியார் இடங்களில் மேலதிகக் கட்டணம் இருக்கலாம். இன்றைய விதியையும் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டு அறியுங்கள். முதற்படி உங்கள் குடும்ப வைத்தியர்தான்.

மிக முக்கியமான ஒன்றை இனிச் சொல்கிறேன். தலையிலோ கழுத்திலோ உலோகம் உள்ளவர்களுக்கு இந்தக் காந்தம் ஆபத்தாகலாம். செவிக்குள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், இதயத்துடிப்புக் கருவி, முன்பு வந்த வலிப்பு எல்லாவற்றையும் சொல்லவேண்டும். நம்மவர்களில் பலருக்கு இன்னொன்றும் உண்டு: உடம்பில் தங்கிய ஷெல் சன்னம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவரின் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குத் துணையாகப் போயிருந்தேன். அங்கேயும் இதே கேள்விதான். மகள் மொழிபெயர்த்தார்: “அப்பா, உங்கட தலைக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம்.” அவர் சிரித்தார்: “தலைக்குள்ள இரும்பு எப்பிடி மோனை இருக்கும்?” தாதி ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. “ஐயா, எப்பவாவது ஷெல் பட்டதோ?” என்று கேட்டேன். காதுக்குப் பின்னால் கை வைத்துக் காட்டினார். “ஓம் தம்பி, தொண்ணூற்றஞ்சில. ஒரு சன்னம் எடுக்கேலாது எண்டு விட்டவை.” ஸ்கானை நிறுத்தி, முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

அந்த மகள் மொழிபெயர்த்ததில் பிழை ஒன்றும் இல்லை. கேள்வி நம் வாழ்க்கையைத் தெரியாத ஒருவர் எழுதியது. அதனால் பிள்ளைகளை மட்டும் நம்பியிராமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 131 450 என்ற தொலைபேசி இலக்கத்தில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை உண்டு. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைத்த காயங்களும் உண்டு. தடுப்பு முகாமில் பட்ட அடி, தலையில் விழுந்த துவக்குப் பிடி, அதன்பின் ஒரு தடவை வந்த வலிப்பு போன்றவற்றைப் பிள்ளை முன்னால் சொல்ல வாய் வராது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அவற்றை இரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.

நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். என்னுடைய நோய்க்கு, போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வு உண்டா? நூறு பேரில் எத்தனை பேர் தேறினார்கள்? இடையில் வேண்டாம் என்றால் நிறுத்தலாமா? மூன்றுக்கும் நேரான பதில் தருபவரிடம் போங்கள்.

மேரி றஃபேற்றிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. றோம் புகையிரத நிலையத்தில் திரிந்தவருக்கும் இருக்கவில்லை. நமக்கு அந்த உரிமை சட்டப்படி இருக்கிறது, அதுவும் நம் தாய்மொழியில். பயந்து வீட்டுக்குள் இருந்தாலும் அது வீணாகும்; ஆசைப்பட்டு ஒன்றும் கேளாமல் தலையை நீட்டினாலும் வீணாகும்.

இந்த உரை பற்றிய உங்கள் கேள்விகளை நிலையத்துக்கு எழுதுங்கள். மனம் தாங்கமுடியாத பாரமாக இருக்கும் எவரும் அடுத்த இதழுக்காகக் காத்திராமல் இன்றே வைத்தியரை அழையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு வரலாற்றுடன் சந்திக்கும்வரை, வணக்கம்.